நூறு புள்ளி, ஒருவரைத் தவிர

1986 நவம்பரில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, தொடர்ந்து ஆடிவந்த பெண் ஆட்டக்காரர்கள் அனைவரின் தரப்புள்ளியிலும் நூறு புள்ளிகளைக் கூட்டுவதென முடிவெடுத்தது. ஒருவருக்கு மட்டும் அந்த நூறு கிடையாது. அவர் ஹங்கேரியைச் சேர்ந்த சூசன் போல்கர். அப்போது அவருக்கு வயது 17. பெண்கள் தரவரிசையில் முதலிடம் அவருடையது. 1987 ஜனவரிப் பட்டியல் வெளியானபோது, ஆட்டப் பலகையில் நடந்த எதனாலும் அல்லாமல் கணக்கேட்டில் நடந்த திருத்தத்தால் அவர் கீழே இறங்கியிருந்தார். சோவியத் ஒன்றியத்தின் மாயா சிபுர்தானிட்ஸே, அன்றைய மகளிர் உலக சாம்பியன், முதலிடத்தில் இருந்தார்.

இந்த நிகழ்வை ஓர் அநீதியின் கதையாகச் சொல்வது வழக்கம். அநீதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் அதற்குள் இருக்கும் முக்கியமான செய்தி கைநழுவிப் போகிறது. ஃபிடே முன்வைத்த காரணத்தில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைத் தவறான மருந்தால் குணப்படுத்த முயன்றதுதான் பிழை. உயர்மட்ட செஸ்ஸில் பெண்களின் எண்ணிக்கை ஏன் இன்னும் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தப் பாதி உண்மையில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மூடிய குளம்

தரப்புள்ளி என்பது ஒருவரின் திறமையை நேரடியாக அளக்கும் எடைக்கல் அன்று. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாட் எலோ வகுத்து, 1970-ல் ஃபிடே ஏற்றுக்கொண்ட அந்த முறை, இருவருக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே பேசுகிறது. நூறு புள்ளி கூடுதலாக உள்ளவர் எதிராளியோடு ஆடும் ஆட்டங்களின் புள்ளிகளில் (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) ஏறத்தாழ 64 விழுக்காடு எடுப்பார் என்று அது எதிர்பார்க்கிறது. இருநூறு கூடுதல் என்றால் 76. எதிர்பார்ப்பைவிட அதிகம் எடுத்தால் தரப்புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். ஒருவர் பெறுவது பெரும்பாலும் மற்றவர் இழப்பதாகவே இருக்கும்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பமான பலவீனம் உண்டு. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அவர்களின் எண்கள் ஒருவரோடொருவர் ஒப்பிடும்போது சரியாக இருக்கும். வெளியில் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் பொருளற்றுப் போகலாம். அந்தக் கூட்டத்தில் இளையவர்கள் வேகமாக முன்னேறினால் சிக்கல் இன்னும் கூடும். புதிதாக நுழையும் ஒரு சிறுமி குறைந்த எண்ணோடு தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு வலுவடைந்து, மூத்தவர்களிடமிருந்து புள்ளிகளை எடுத்துக்கொள்கிறாள். மூத்தவர்களின் ஆட்டம் குறையவில்லை; எண் மட்டும் குறைகிறது. வெளியிலிருந்து புதிய புள்ளி வந்து சேர வழியில்லாததால், மொத்தக் கூட்டமும் உண்மையான வலிமையைவிடத் தாழ்ந்த எண்களோடு நிற்கிறது. வரத்து வாய்க்கால் அடைபட்ட குளத்தில் நீர்மட்டம் தாழ்வதைப் போன்றது இது.

எண்பதுகளில் பெண்கள் செஸ் பெருமளவு அப்படிப்பட்ட மூடிய குளமாகவே இருந்தது. மகளிர் சாம்பியன் போட்டி, மகளிர் தகுதிச் சுற்று, மகளிர் ஒலிம்பியாட் என்ற வட்டத்துக்குள்ளேயே பலரின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. ஆகவே அவர்களின் எண்கள் தாழ்ந்திருக்கின்றன, திருத்த வேண்டும் என்ற ஃபிடேயின் வாதம் கோட்பாட்டளவில் பொருந்தக்கூடியதுதான். சூசன் பெரும்பாலும் ஆடவரோடு ஆடியவர் என்பதால் அவருடைய எண் ஏற்கெனவே சரியானது, அதைத் தொட வேண்டியதில்லை என்பது வாதத்தின் மறுபாதி.

பிழை எங்கே தொடங்குகிறது என்றால், எல்லோருக்கும் ஒரே நூறு என்ற இடத்தில். மூடிய குளத்தில் எண் தாழ்ந்திருந்தால், யார் எவ்வளவு மூடியிருந்தார் என்பதைப் பொறுத்துத் திருத்தமும் மாற வேண்டும். சுவீடனின் பியா கிராம்லிங் ஆடவர் கலந்த போட்டிகளில் நிறையவே ஆடியவர்; அவருக்கும் நூறு கிடைத்தது. சிபுர்தானிட்ஸேவும் பெண்களோடு மட்டும் ஆடியவர் அல்லர். ஆடவர் கலந்த போட்டிகளில் பரிசு பெற்றவர், 1984-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெற்றவர். அவருக்கும் நூறு. விதிவிலக்கு ஓர் அளவுகோலின்படி வகுக்கப்பட்டிருந்தால் அதில் குறைந்தது சிலராவது அகப்பட்டிருப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் அகப்படும் அளவுகோல், அளவுகோல் என்ற பெயருக்குத் தகுதியுடையதாக எனக்குத் தோன்றவில்லை. முதலிடத்திலிருந்து சூசனை இறக்குவதே நோக்கம் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. புள்ளியியல் ஆதாரமும் கேள்விக்குள்ளானது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிற்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் ஃபிடே மற்றொரு பெருந்திருத்தம் செய்தது. 2000-க்குக் கீழே இருந்தவர்களின் எண்கள் தாழ்ந்துவிட்டன என்று கண்டு, 2000-க்கும் ஒருவரின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டினார்கள். 1400 வைத்திருந்தவர் 1640-க்கு ஏறினார். 1900 வைத்திருந்தவர் 1940-க்கு மட்டும் ஏறினார். யாருடைய பெயரும் அந்தச் சூத்திரத்தில் இல்லை. அத்திருத்தத்தின் மீதும் முணுமுணுப்புகள் எழுந்தன; ஆனால் ‘இவரைத் தவிர’ என்று எவரும் சொல்ல வேண்டிவரவில்லை.

சொல் ஒன்று தடுத்த கதவு

அதே 1986-ல் வேறொன்றும் நடந்தது. உலக சாம்பியன் பட்டத்துக்கான படிக்கட்டில் முதற்படியாகிய மண்டலப் போட்டிக்கு சூசன் தகுதி பெற்றார். ஆனால் விதியேட்டில் அந்தப் படிக்கட்டின் பெயரில் ‘ஆடவர்’ என்ற சொல் இருந்தது, அவர் அனுமதிக்கப்படவில்லை. பின்னர் ஃபிடே அந்தச் சொல்லை நீக்கி, பெண்களும் ஆடலாம் என்று திறந்துவிட்டது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஆடவரோடு ஆடுகிறாய், ஆகவே உனக்கு நூறு இல்லை என்றது ஒரு முடிவு. ஆடவர் போட்டி இது, ஆகவே உனக்கு இடமில்லை என்றது மற்றொன்று. இரண்டும் ஒரே அமைப்பிலிருந்து, ஒரே ஆண்டில், ஒரே பெண்ணைப் பற்றி வந்தவை. குளம் மூடியிருப்பதால் எண்கள் கெட்டுவிட்டன என்று அறிந்த ஓர் அமைப்பு செய்திருக்க வேண்டியது வாய்க்காலை வெட்டுவது. அதற்குப் பதிலாக, குளத்தில் நூறு குடம் நீர் ஊற்றிவிட்டு, வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தவரைக் கரையில் நிறுத்திவைத்தார்கள்.

வாய்க்கால் அதற்கு முன்பு இல்லாமல் இருந்ததில்லை. 1927-ல் லண்டனில் நடந்த முதல் மகளிர் உலக சாம்பியன் போட்டியை வென்ற வேரா மென்சிக், 1929-ல் கார்ல்ஸ்பாத் போட்டியில் ஆடவரோடு அமர்ந்தார். அவரிடம் தோற்பவர்களெல்லாம் ‘வேரா மென்சிக் சங்கத்தில்’ உறுப்பினராகட்டும் என்று கேலி பேசிய ஆல்பர்ட் பெக்கர்தான் அதன் முதல் உறுப்பினரானார். பின்னாளில் உலக சாம்பியனான மாக்ஸ் ஊவேயும் அதில் சேர வேண்டியதாயிற்று. 1978-ல் நோனா கப்ரிந்தாஷ்விலி கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். ஆனால் இவர்கள் தனித்தனி மனிதர்களாக வரம்பைத் தாண்டியவர்கள். பாதை அமையவில்லை.

தங்கை எடுத்த வழி

சூசனின் தந்தை லாஸ்லோ போல்கர், மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்று நம்பியவர். மூன்று மகள்களையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்து, செஸ்ஸில் பயிற்றுவித்தார். அந்தக் கல்விப் பரிசோதனை குறித்து இங்கு விரிவாகப் பேசத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அதனுள் அடங்கிய வேறொரு முடிவு: பெண்கள் போட்டிகளை மையமாகக் கொள்ளாமல், வலுவான எதிராளி எங்கே இருக்கிறாரோ அங்கே போய் ஆடுவது.

1988-ல் தெசலோனிகியில் நடந்த ஒலிம்பியாட்டில் மூன்று சகோதரிகளும் இல்டிகோ மாட்லும் சேர்ந்து ஹங்கேரியின் மகளிர் அணியாக இறங்கி, சோவியத் அணியைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றனர். இளையவர் ஜூடிட்டுக்கு வயது 12. 13 ஆட்டங்களில் பன்னிரண்டரைப் புள்ளி. 1989 ஜனவரிப் பட்டியலில் அவர் 2555 புள்ளிகளுடன் பெண்களில் முதலிடத்தைப் பிடித்தார். இரண்டாண்டுகளுக்கு முன் வாரி வழங்கப்பட்ட நூறு புள்ளிகளால் யாருடைய முதலிடமும் நிலைக்கவில்லை. அந்த இடம் அதன்பின் கால் நூற்றாண்டு ஜூடிட்டிடமே இருந்தது.

1991-ல் சூசன் கிராண்ட்மாஸ்டர் ஆனார், ஆடவருக்கு இருந்த அதே நார்ம் (பட்டத்துக்கெனப் போட்டிகளில் எட்ட வேண்டிய ஆட்டத் தகுதி), அதே தரப்புள்ளி நிபந்தனைகளை நிறைவு செய்து. அவ்வழியில் அப்பட்டத்தை எட்டிய முதல் பெண் அவரே. அதே ஆண்டு டிசம்பரில் ஹங்கேரியின் தேசிய சாம்பியன் போட்டியை வென்று ஜூடிட்டும் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 15 ஆண்டு 4 மாதம். 1958 முதல் நின்ற பாபி ஃபிஷரின் இளவயதுச் சாதனை உடைந்தது.

அதன்பின் ஜூடிட்டின் பாதை முழுவதும், ஆண், பெண் இருபாலரும் ஆடக்கூடிய திறந்த பிரிவில்தான். அந்தப் பாதையின் தொடக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு 1994 லினாரெஸ் போட்டி நல்ல சான்று. பதினேழு வயது ஜூடிட்டுக்கு எதிராக உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் தம் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தார். அதனால் வரும் இழப்பைக் கண்டதும் மீண்டும் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும், நகர்த்திய காயிலிருந்து கையை எடுத்துவிட்டால் அந்த நகர்வு முடிந்தது என்பது செஸ்ஸின் அடிப்படை விதி. கை விலகியதை ஸ்பெயின் தொலைக்காட்சியின் படப்பதிவு பின்னர் காட்டியது. நொடியின் கால் பங்கு நேரம்தான். ஆட்டம் நடந்தபோது ஜூடிட் முறையிடவில்லை, காஸ்பரோவ் வென்றார். விதி எல்லோருக்கும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அதைக் கேட்டு வாங்கும் துணிவு அந்த அரங்கில் ஒருவர் எவ்வளவு காலம் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று இந்த ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். எட்டாண்டுகள் கழித்து, 2002 செப்டம்பரில் மாஸ்கோவில் ரஷ்யாவும் பிற உலக அணியும் மோதிய விரைவு ஆட்டப் போட்டியில், பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையை எடுத்த காஸ்பரோவை ஜூடிட் 42 நகர்வுகளில் வென்றார்.

1996-ல் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். 2003-ல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டியில் விஸ்வநாதன் ஆனந்துக்கு அரைப்புள்ளி பின்னால், தோல்வியே இல்லாமல் இரண்டாமிடம். 2004-ல் உலக எட்டாமிடம். அந்த ஆண்டு மகன் பிறந்ததால் சில காலம் விலகியிருந்து, 2005 ஜனவரியில் திரும்பி, ஜூலையில் 2735 என்ற உச்சத்தைத் தொட்டார். அந்த எண்ணை மட்டுமன்று, 2700-ஐயே இன்றுவரை வேறு எந்தப் பெண்ணும் தொடவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் எட்டுப் பேர் ஆடிய உலக சாம்பியன் போட்டியில் அவரும் ஒருவர். 14 ஆட்டங்களில் நாலரைப் புள்ளி, கடைசி இடம். வெசலின் தோபாலோவ் பத்துப் புள்ளி எடுத்துப் பட்டம் வென்றார். இந்தக் கடைசி இடத்தைச் சுட்டிக்காட்டி, உச்சியில் பெண்களால் நிற்க முடியாது என்று வாதிடுவோர் உண்டு. மைக்கேல் ஆடம்ஸ் ஐந்தரை எடுத்தார். உலக சாம்பியன் பட்டத்துடன் வந்த ருஸ்தம் காசிம்ஜானோவும் ஐந்தரைதான். ஒரு புள்ளி குறைவு என்பதிலிருந்து ஒரு பாலினத்தைப் பற்றிய முடிவுக்குத் தாவுவது, கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியம் அன்று. கேட்க வேண்டிய கேள்வி, அந்த எட்டுப் பேரில் பெண் ஏன் ஒருவர் மட்டும் என்பதே.

ஜூடிட் 2014-ல் ஓய்வு பெறும்வரை மகளிர் உலக சாம்பியன் பட்டத்துக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. சூசனோ 1996-ல் ஷியே ஜுன்னை வீழ்த்தி அப்பட்டத்தை வென்றார். மகளிர் பட்டத்துக்கு ஆடுவதா, வேண்டாமா என்ற கேள்விக்கு, ஒரே வீட்டில், ஒரே பயிற்சியில் வளர்ந்த இருவர் இரு வேறு விடைகள் கண்டனர்.

மறுகரையிலிருந்து ஒருவர்

சீனாவின் ஹூ யிஃபான் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். 2010-ல், 16 வயதில், மகளிர் உலக சாம்பியன். 2011-ல் கொனேரு ஹம்பியை வென்று தக்கவைத்தார். இடையில் இழந்து, 2013-ல் மீட்டு, 2016-ல் மரியா முசிச்சுக்கை வென்று மீண்டும் பெற்றார். 2015-ல் அவரது எண் 2686-ஐ எட்டியது. அதன் பிறகு மகளிர் சாம்பியன் போட்டியின் சுழற்சியிலிருந்தே விலகிக்கொண்டார். வலுவான எதிராளிகளோடு ஆட வேண்டும் என்றால் பெண்கள் வட்டத்தில் நேரத்தைச் செலவிட முடியாது என்ற கணக்கு அது.

2017 ஜிப்ரால்டர் போட்டியில் அந்தக் கணக்கு வினோதமாகத் திரும்பியடித்தது. பத்துச் சுற்றுகளில் ஏழு சுற்றுகள் அவருக்கு எதிராளி பெண்ணாகவே அமைந்தது. கடைசிச் சுற்றில் அரைமணி நேரம் தாமதமாக வந்து, லலித் பாபுவுக்கு எதிராக வேண்டுமென்றே பொருளற்ற நகர்வுகளைச் செய்து, ஐந்தாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். பின்னர் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் இணை அமைந்த விதத்தின் மீதான ஐயத்தை வெளிப்படையாகவே பேசினார். கணினி நிரல் விதிப்படிதான் இணைகளை அமைத்தது என்றனர் அமைப்பாளர்கள்.

இரு தரப்பும் உண்மை பேசியிருக்கலாம். ஸ்விஸ் முறையில் ஒரே புள்ளியில் இருப்பவர்களை, தரப்புள்ளியும் காய்களின் நிறமும் பார்த்து இணைப்பார்கள். ஆண், பெண் என்ற தகவலே அதில் நுழைவதில்லை. ஆனால் ஜிப்ரால்டரில் பெண்களுக்கென்று பெரிய தனிப்பரிசு இருந்தது. அதனால் வலுவான பெண்கள் பிற திறந்த போட்டிகளைவிட அங்கே மிக அதிகமாக வந்தனர். அவர்களின் எண்கள் ஏறத்தாழ ஒரே பட்டையில் இருந்ததால் ஒருவர்மேல் ஒருவர் விழும் வாய்ப்பும் கூடியது. பெண்களைத் திறந்த போட்டிக்கு ஈர்க்க வைத்த பரிசே, திறந்த போட்டிக்குள் ஒரு சிறு மகளிர் போட்டியை உருவாக்கிவிட்டது. யாருடைய சதியும் தேவைப்படவில்லை. ஆட்டத்தை அப்படிக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை. எதிரே அமர்ந்திருந்தவர் எந்தத் தவறும் செய்யாதவர். ஆயினும் ஹூவின் சீற்றம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. இதே ஜிப்ரால்டரில் 2012-ல் அவர் முதலிடத்தைப் பகிர்ந்தவர், ஜூடிட்டையும் வென்றவர். அங்கே எதைத் தேடி வந்தார் என்பதில் ஐயமில்லை.

2017-லேயே சுவிட்சர்லாந்தின் பீல் போட்டியை ஹூ வென்றார். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கச் சென்றார். 2020-ல் ஷென்ஷென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். முழுநேர ஆட்டத்திலிருந்து அவர் விலகியதால் உயர்மட்டம் ஒருவரை இழந்தது. உச்சியை நெருங்கிய பெண்கள் ஒருவர் இருவராக இருக்கும்போது, ஒருவர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாலே ஒரு தலைமுறை காலியானதாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கை என்ற அம்சம் இங்குதான் உள்ளே வருகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு ஜெர்மனியின் தலைசிறந்த நூறு ஆடவரையும் நூறு பெண்களையும் ஒப்பிட்டு, இரு பாலரின் இடைவெளியில் 96 விழுக்காட்டை, ஆட வருவோரின் எண்ணிக்கை வேறுபாட்டைக் கொண்டே விளக்கலாம் என்றது. பின்னர் வேறு முறையில் கணக்கிட்டவர்கள் அதைவிடக் குறைந்த பங்கையே கண்டனர். ஆயிரம் பேரிலிருந்து வரும் முதல்வர், ஐம்பது பேரிலிருந்து வரும் முதல்வரைவிட உயரத்தில் இருப்பது இயல்பு என்ற அடிப்படையை யாரும் மறுக்கவில்லை. எஞ்சிய பங்கு எதனால் என்பதில்தான் சர்ச்சை. ஆடும் எதிராளிகள் யார் என்பது அந்த எஞ்சிய பங்கில் கணிசமான இடம் பிடிக்கும் என்று நான் கருதுகிறேன். இதை மெய்ப்பிக்க என்னிடம் இருப்பது ஜூடிட்டின் வாழ்க்கை மட்டுமே. ஒரே ஒரு சான்று சான்றாகாது என்பதையும் அறிவேன்.

குளத்தின் இன்றைய நிலை

மகளிர் பிரிவை ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வோர் அதன் வருவாய்ப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. 2023-ல் மகளிர் உலக சாம்பியன் போட்டியின் பரிசுத்தொகை 5 லட்சம் யூரோ; திறந்த உலக சாம்பியன் போட்டியில் 20 லட்சம். நான்கில் ஒரு பங்குதான். ஆனால் 2550 புள்ளி வைத்திருக்கும் ஓர் ஆடவர், செஸ் ஆடியே பிழைப்பது பெரும்பாடு. அதே எண் உள்ள பெண்ணுக்கு மகளிர் போட்டிகள் ஒரு நிலையான தொழிலைத் தருகின்றன. அவர் அதை விட்டு வெளியே வந்து, பரிசில்லாத இருபதாம் இடத்துக்குத் திறந்த போட்டிகளில் போராட வேண்டும் என்று அறிவுரை சொல்வது எளிது. ஹூ யிஃபானுக்கே அது நீடிக்கவில்லை.

பட்டங்களிலும் இதே இரட்டைநிலை. மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 போதும். கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும். முன்னது பின்னதற்கான படி என்று எண்ணி ஏறியவர்கள் பலர் அங்கேயே அமர்ந்துவிட்டதைக் கண்டிருக்கிறோம். மறுபுறம், மகளிர் உலகக் கோப்பையை வெல்பவருக்கு நார்ம்களின்றியே கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்க விதியில் இடமுண்டு. 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் படுமியில் நடந்த இறுதிச்சுற்றில் ஹம்பியை வென்ற திவ்யா தேஷ்முக் அவ்வழியில்தான் பட்டம் பெற்றார். அப்போது அவரது எண் 2463. கோப்பையை அவர் வென்ற விதத்தில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. எனினும், 1986-ல் புள்ளியை ஊற்றியதுபோல் இங்கே பட்டத்தை ஊற்றுகிறார்களோ என்ற நெருடல் எழாமல் இல்லை. அதே பட்டத்தை அதற்கு ஈராண்டுகளுக்கு முன் 2500-ஐத் தாண்டிப் பெற்றவர் தமிழ்நாட்டின் வைஷாலி.

2025 செப்டம்பரில் சமர்கந்தில் கிராண்ட் ஸ்விஸ் போட்டி திறந்த பிரிவு, மகளிர் பிரிவு என இரண்டாக நடந்தது. மகளிர் பிரிவில் வைஷாலி தொடர்ந்து இரண்டாம் முறையாகப் பட்டம் வென்று, மகளிர் உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். திவ்யா மகளிர் பிரிவில் ஆடவில்லை. திறந்த பிரிவில் பெயர் கொடுத்தார். பட்டியலில் தமக்கு மேலே இருந்தவர்களோடு சுற்றுக்குச் சுற்று மோதினார். ஒரு சுற்றில் உலக சாம்பியன் குகேஷ் எதிரே அமர்ந்தார். அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது.